கரிசலிலும் தேரியிலும் மேயும் வெள்ளாடு எந்த மாதம் எதைத் தின்னும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விருதுநகர், தூத்துக்குடி, இராமநாதபுரம், திருநெல்வேலி மாவட்டங்களின் கரிசல், தேரி (செம்மணல் மேடு) மானாவாரிக் காடுகளில், அதாவது மழையை நம்பிய விளைநிலங்களில், கன்னி, கொடி என்ற நாட்டு வெள்ளாட்டு இனங்களை வளர்ப்பவர்கள், குறிப்பாகப் புதிதாக இறங்கியவர்கள், கேட்கிற கேள்விகள் இவை. ஆற்றுப் பாசன ஊர்களுக்கும், கொட்டிலில் மட்டும் வளர்ப்பவர்களுக்கும் இதில் பாதிதான் பொருந்தும்.

வெள்ளாட்டுக்குப் புல் பிடிக்காதா? செம்மறி குனிந்த தலை நிமிராமல் மேய்கிறது, இது மட்டும் மரத்தையே அண்ணாந்து பார்க்கிறதே?

புல்லும் தின்னும். மழைக்குப் பின் முளைக்கிற இளம்புல்லை விரும்பியே தின்னும். ஆனால் பக்கத்தில் தழை இருந்தால் முதலில் தழைக்குத்தான் போகும். அதன் உடலும் அதற்கேற்றதுதான். மேல் உதடு நன்றாக அசையும், நாக்கும் லாவகமானது.

வேல மர வகையான உடைமரத்தில் ஓர் ஆடு மேய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். முள் இரண்டிரண்டாக வெள்ளை வெளேரென்று நீட்டிக்கொண்டிருக்கும். ஆடு உதட்டைச் சாய்த்து இரண்டு முள்ளுக்கு நடுவே விட்டு, இணுக்கு இணுக்காக இலையைப் பறிக்கும். குத்தினால் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு அடுத்த இணுக்குக்குப் போகும். தாழ்ந்த கிளை காலியானதும் பின்னங்காலில் எழுந்து, முன்னங்காலை அடிமரத்தில் ஊன்றிக்கொள்ளும். கொடி ஆட்டுக்குக் கால் நீளம், அதனால் இன்னும் கொஞ்சம் மேலே எட்டும். கண்மாய்க் கரையில் உள்ள உடைமரங்களின் அடிப்பக்கம் கத்தரித்துவிட்டது போல ஒரே மட்டமாக இருப்பது இதனால்தான்.

வேல மர வகைகளின் இலையிலும் காயிலும் துவர்ப்புச் சத்து அதிகம். மாட்டைவிட வெள்ளாடு அதை நன்றாகத் தாங்கும். அதோடு ஒரே செடியில் நிற்கவும் நிற்காது. இங்கே நாலு வாய், அங்கே நாலு வாய் என்று நடந்துகொண்டே தின்னும். எந்தச் செடியில் எந்த நஞ்சு இருந்தாலும் உடம்பில் கொஞ்சம்தான் சேரும். ஆட்டை ஓரிடத்தில் கட்டிப்போட்டு ஒரே தழையைக் கொடுக்கும்போதுதான் பல சிக்கல்கள் வருகின்றன.

சரி, மாதவாரியாகச் சொல்லுங்கள். ஆண்டு முழுக்க என்ன தின்னும்?

இந்தப் பக்கத்து மழை வடகிழக்குப் பருவ மழை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதுதான் ஆண்டின் பெரும்பகுதி மழை. ஆட்டின் வருடமும் அங்கேதான் தொடங்குகிறது.

ஐப்பசியில் நிலம் பச்சை கட்டும். அருகு, கொழுக்கட்டைப்புல், இளம் நெருஞ்சி, சாரணை, தொய்யக்கீரை என்று தரையில் கிடைப்பதையெல்லாம் ஆடு மேயும். வருடத்தில் வெள்ளாடு அதிகமாகக் குனிந்து மேய்கிற காலம் இதுதான். ஆனால் காடு முழுக்க விதைத்திருக்கும். பருத்தி, சோளம், உளுந்து, மிளகாய் எதிலும் வாய் வைக்கவிடக் கூடாது. மேய இடம் என்று மிஞ்சுவது ஓடைக்கரை, கண்மாய்க் கரை, புறம்போக்கு மட்டுமே. பச்சை நிறைய இருக்கும், மேய்ப்பவருக்கு நிம்மதி இருக்காது.

மார்கழி, தையில் தரைப்பூண்டு முற்றிக் காயத் தொடங்கும். அப்போது ஆடு இலந்தைப் புதருக்கு மாறும். பழமும் தின்னும், இலையும் தின்னும். வேலியோரக் கிளுவை, காரை, சங்கஞ்செடி எல்லாவற்றையும் நுனி கிள்ளும்.

மாசி, பங்குனியில் அறுவடை முடிந்த காடு திறந்துவிடும். உளுந்து, பாசி அறுத்த காட்டில் உதிர்ந்த இலை, நெற்று (காய்ந்த காய்), அடித்தூர் எல்லாம் கிடைக்கும். ஆடு சதை பிடிப்பது இந்த மாதங்களில்தான். உடைமர நெற்றும் வெள்வேல நெற்றும் வாகை நெற்றும் விழத் தொடங்கியிருக்கும். வேம்பு கொழுந்து விடும்.

சித்திரையிலிருந்து ஆனி வரை நெற்றுக் காலம். நாட்டுக் கருவேலும் சீமைக்கருவேலும் உதிர்க்கும். கண்மாய் வற்றி உள்வாய் மேய்ச்சலுக்கு வரும். நடுவில் ஒரு கோடை மழை விழுந்தால் பத்து நாளில் துளிர் கிடைக்கும். ஆனி, ஆடியில் வேப்பம்பழம். மரத்தடியில் மஞ்சளாகக் கிடப்பதை ஆடு பொறுக்கித் தின்னும்.

ஆடி பாதிக்கு மேல்தான் சிரமம். அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

கோடையில் ஒரு பச்சை இலை இல்லை. ஆனாலும் ஆடு வயிறு முட்ட வருகிறது. எப்படி?

நெற்றுதான் காரணம். காய்ந்த வேலங்காயில் சர்க்கரையும் இருக்கிறது, விதையில் புரதமும் இருக்கிறது. சீமைக்கருவேல் நெற்றில் புரதம் சுமார் 12 விழுக்காடு வரும். வைக்கோலில் அது 3, 4 விழுக்காடுதான். ஆகவே வைகாசி வெயிலில் கட்டாந்தரையாகத் தெரிகிற காட்டில் வெள்ளாட்டுக்கு நல்ல தீவனம் காலடியில் கிடக்கிறது. மேய்ப்பவர்கள் தொரட்டிக் கம்பால் கிளையை உலுக்குவார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் நாலாபக்கமும் சிதறி நிற்கிற ஆடெல்லாம் ஓடிவரும்.

இராத்திரி பட்டியில் அசைபோடும்போது கடினமான வேல விதைகளை ஆடு வெளியே துப்பும். காலையில் பட்டி கூட்டினால் புழுக்கையோடு விதையும் சேர்ந்து வரும். நாற்றங்கால் போடுபவர்கள் கருவேல விதையை ஆட்டுப்பட்டியிலிருந்து வாங்குவது பழைய வழக்கம். வயிற்றுக்குள் போய் வந்த விதையின் தோல் இளகி, முளைப்பு நன்றாக இருக்கும்.

சீமைக்கருவேல் நெற்று ஆட்டுக்குக் கெடுதல் என்கிறார்களே?

மற்ற தீவனத்தோடு சேர்த்துத் தின்றால் கெடுதல் இல்லை. தென்மாவட்டங்களில் கோடையில் பல ஆடுகள் அதில்தான் பிழைக்கின்றன. மாதக்கணக்கில் அதை மட்டுமே தின்றால் சிக்கல் வரும். தாடை நடுங்கும், தலை ஒரு பக்கம் சாயும், எச்சில் வடியும், உடல் மெலியும். பிரேசிலில் மாடுகளிலும் ஆடுகளிலும் இதை ஆராய்ந்து பதிவு செய்திருக்கிறார்கள். அடர்தீவனக் கலவையில் நெற்றைச் சேர்ப்பதானால் ஐந்தில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காயவைத்து இடித்துக் கொடுப்பது இன்னும் நல்லது. முழு நெற்றில் பல விதைகள் உடையாமல் புழுக்கையோடு வெளியே போய்விடும், அந்தப் புரதம் வீண். அதுமட்டுமல்ல, அந்த விதை விழுந்த இடத்தில் புதிய சீமைக்கருவேல் முளைக்கும். உங்கள் ஆட்டை அடுத்தவர் காட்டில் கிடை போட்டால், அவருக்கு எருவோடு அதையும் கொடுத்துவிட்டு வருகிறீர்கள்.

அதன் பச்சை இலையை ஆடு பெரும்பாலும் தொடாது. கசப்பு. வேறு வழியே இல்லாத நாளில் காய்ந்து உதிர்ந்ததைக் கொஞ்சம் பொறுக்கும்.

மழை பெய்து பச்சை வந்த பிறகுதான் என் ஆடு செத்தது. கோடையில் நன்றாகத்தான் இருந்தது.

இது அதிகம் கேட்கிற கேள்வி, நான் அதிகம் வலியுறுத்துவதும் இதைத்தான். வறண்ட நிலத்தில் ஆட்டுக்கு ஆபத்து அதிகம் உள்ள நேரம் வறட்சி முடிகிற நேரம். மாதக்கணக்கில் காய்ந்த இலையும் நெற்றும் செரித்துப் பழகிய வயிற்றில் அதற்குத் தக்க நுண்ணுயிர்கள்தான் இருக்கும். திடீரென்று நீர் நிறைந்த கொழுந்துப் புல் நிறைய உள்ளே போனால் செரிமானம் தடுமாறும். சாதாரணமாக அது கழிச்சலோடு போய்விடும். மோசமான வடிவம்தான் துள்ளுமாரி. குடலில் எப்போதும் கொஞ்சமாக இருக்கிற ஒரு நுண்ணுயிர் இந்தச் சூழலில் பெருகி நஞ்சை உண்டாக்கும். கொழுத்த, நன்றாகத் தின்கிற குட்டிதான் முதலில் போகும். மாலையில் துள்ளிக்கொண்டிருந்தது காலையில் கால் விறைத்துக் கிடக்கும். வந்த பிறகு காப்பாற்றுவது அரிது. தடுப்பூசி இருக்கிறது, மழைக்கு முன்பே, புரட்டாசிக்குள் போட்டுவிட வேண்டும். முதல் முறை போடும் குட்டிக்கு இரண்டாவது ஊசியும் தேவை. கால்நடை மருந்தகத்தில் கேட்டு நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பக்கம் குடற்புழு. புழுவின் இளம்பருவம் ஈரப் புல்லில் தரையிலிருந்து சில அங்குலம் வரை ஏறி நிற்கும். கோடையில் மரத்தை அண்ணாந்து மேய்ந்த ஆடு இப்போது தரையில் மேய்கிறது, புழுவையும் சேர்த்து விழுங்குகிறது. கீழ்த்தாடையில் நீர் கோத்துத் தொங்கினால், கண் இமையின் உட்புறம் வெளுத்திருந்தால் தாமதிக்காதீர்கள். கண்மாய்த் தண்ணீர் ஓரத்தில், நத்தை உள்ள இடத்தில் மேய்ந்தால் தட்டைப்புழுவும் சேரும்.

செய்ய வேண்டியது எளிது. புதுப்பச்சை வந்த முதல் இரண்டு வாரம், ஆட்டை வெறும் வயிற்றோடு அவிழ்த்துவிடாதீர்கள். காலையில் கொஞ்சம் கடலைக் கொடியோ சோளத்தட்டையோ காய்ந்த தழையோ போட்டுவிட்டு ஓட்டுங்கள். பச்சையில் மேய்கிற நேரத்தை நாளுக்கு நாள் கூட்டுங்கள்.

மழைக்காலத்தில் எத்தனை மணிக்கு ஓட்டலாம்?

பனி ஈரம் காய்ந்த பிறகு. ஒன்பது, பத்து மணி ஆனாலும் பரவாயில்லை.

அடைமழையில் ஆடு வெளியே வரவே மாட்டேன் என்கிறது. பட்டினி கிடக்கட்டுமா?

வெள்ளாட்டுக்கு மழை ஆகாது. செம்மறி நனைந்துகொண்டே மேயும், இது ஒதுங்க இடம் தேடும். ஒரு நாள் பட்டினி பெரிய ஆட்டைக் கொல்லாது. சினை ஆட்டையும் பால் கொடுக்கிற தாயையும் அப்படி விடக் கூடாது. மழை விட்ட நேரத்தில் வேம்பு, பூவரசு, ஆல், அகத்தி எதையாவது குழை ஒடித்து வந்து கொட்டிலில் தொங்கவிடுங்கள். தரையில் போட்டால் மிதித்துச் சாணியும் மூத்திரமும் பட்டதை ஆடு முகர்ந்துகூடப் பார்க்காது. கழுத்து மட்டத்துக்கு மேலே கட்டினால் கடைசி இலை வரை தின்னும்.

கோடை மேய்ச்சலுக்கு நேரமும் தண்ணீரும் எப்படி?

விடிந்ததும் ஓட்டி, வெயில் ஏறுவதற்குள் நிழலுக்குக் கொண்டுவாருங்கள். பிற்பகல் மூன்றரை, நாலுக்கு மறுபடி. நடுப்பகல் நிழலில் படுத்து அசைபோடுவதும் தீவனத்தைச் சத்தாக மாற்றுகிற வேலைதான். அந்த நேரத்தைப் பறித்துக்கொண்டு வெயிலில் நடத்தினால் தின்றது உடம்பில் ஒட்டாது. 25 கிலோ ஆடு கோடையில் நாளுக்கு 3 முதல் 5 லிட்டர் வரை குடிக்கும். காய்ந்த நெற்றைத் தின்றால் தாகம் கூடும். தண்ணீர் குறைந்தால் தீனியும் தானாகக் குறையும். ஆடு மேய மாட்டேன் என்கிறது என்று டானிக் தேடுவதற்கு முன்னால் தொட்டியை எட்டிப் பாருங்கள்.

ஆடி முதல் புரட்டாசி வரை ஆடு மெலிந்துகொண்டே போகிறது. என்ன செய்வது?

கோடைக்குப் பயந்து சேமித்து வைத்ததையெல்லாம் பங்குனி, சித்திரையில் செலவழித்துவிடுகிறோம். அப்போது காட்டிலேயே நெற்று இருக்கிறது. உண்மையான பஞ்சம் நெற்று ஓய்ந்து, மழை இன்னும் வராத இந்த இரண்டரை மாதம்தான். தென்மேற்குப் பருவ மழையை மலை தடுத்துவிடும், நமக்கு வருவது காற்று மட்டும். ஆடிக் காற்று இருக்கிற இலையையும் உலர்த்திவிடும். ஒன்றிரண்டு இடி மழை விழுந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

என் யோசனை: நெற்று மலிவாகக் கிடைக்கிற சித்திரை, வைகாசியில் கூலி கொடுத்தாவது பொறுக்கி, நன்றாகக் காயவைத்துச் சாக்கில் கட்டிவையுங்கள். வண்டு சீக்கிரம் விழும், ஈரம் இருக்கக் கூடாது. நிலக்கடலைக் கொடி, உளுந்தம் பொட்டு, துவரம் பொட்டு ஆகியவற்றை மாசியிலேயே வாங்கிப் படப்பு போட்டு வையுங்கள். களத்திலேயே வாங்கினால் விலை குறைவு.

கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள். 25 கிலோ ஆட்டுக்கு ஈரம் நீக்கிப் பார்த்தால் நாளுக்கு 750 கிராம் முதல் 1 கிலோ தீவனம் வேண்டும். பச்சைத் தழையாக அது 3, 4 கிலோ. ஆடிக்குப் பிறகு காடு இதில் பாதியைக் கொடுத்தால் பெரிது. மீதிப் பாதிக்கு, 20 ஆட்டுக்கு 75 நாள் என்றால், சுமார் 560 முதல் 750 கிலோ காய்ந்த தீவனம் கையில் இருக்க வேண்டும். அவ்வளவு வைக்க முடியவில்லை என்றால், ஆடித் தொடக்கத்திலேயே கிடாக்குட்டிகளை விற்றுவிடுங்கள். மெலிந்த பிறகு விற்றால் எடையும் போச்சு, விலையும் போச்சு. தென்மாவட்டங்களில் ஆடி, ஆவணியில் கோயில் கொடைகள் (திருவிழாக்கள்) வருவதால் கிடாவுக்குக் கிராக்கியும் இருக்கும்.

சோளக்காட்டில் மேய்ந்த ஆடு அரை மணி நேரத்தில் விழுந்துவிட்டது. யாராவது விஷம் வைத்திருப்பார்களா?

பெரும்பாலும் யாரும் வைத்திருக்க மாட்டார்கள். இளஞ்சோளத்திலும், வெயிலில் வாடிய சோளத்திலும், அறுத்த தட்டையின் அடியிலிருந்து கிளம்புகிற மறுதாம்புத் துளிரிலும் சயனைடு நஞ்சு உண்டாகும். மழை தவறி வாடி நின்று, பிறகு ஒரு மழையில் தளிர்த்த பயிர் ரொம்ப மோசம். மூச்சு வாங்கும், தள்ளாடும், கண் சவ்வு பளிச்சென்று சிவந்திருக்கும், விழுந்து துடிக்கும். உடனே மருத்துவரைக் கூப்பிட்டால் நரம்பில் ஊசி போட்டுக் காப்பாற்ற முடியும். நேரம் மிகக் குறைவு. பூத்து முற்றிய சோளத்திலும் நன்றாகக் காய்ந்த தட்டையிலும் பயமில்லை. மரவள்ளி இலைக்கும் இதே எச்சரிக்கை. வெள்வேல் தழையிலும் இந்த நஞ்சு கொஞ்சம் உண்டு. பசியோடு வந்த ஆட்டுக்கு அதை மட்டும் ஒடித்துப் போடாதீர்கள்.

பருத்தி எடுத்து முடித்த காட்டில் விடலாமா?

விடலாம். விடுவதற்கு முன் கடைசியாக எப்போது மருந்து அடித்தார்கள் என்று காட்டுக்காரரிடம் கேளுங்கள். குறைந்தது மூன்று வாரமாவது கழியட்டும்.

கல்யாண வீட்டுச் சோறு மிஞ்சியது, ஆட்டுக்குப் போட்டோம்…

பந்தியில் மிஞ்சிய சோறு, கொடைச் சோறு, ரேஷன் அரிசி, உலர்த்தப் போட்ட கம்பு என்று எதுவானாலும் ஆடு வயிறு முட்டத் தின்றால் உள்ளே புளித்து, வயிறு அமிலமாகிவிடும். தின்னாது, பல்லைக் கடிக்கும், இடது வயிறு தண்ணீர்ப் பை மாதிரி தளும்பும், படுத்துவிடும். தின்றது தெரிந்த உடனே தண்ணீரை மறைத்துவிட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கால் லிட்டர் தண்ணீரில் 20 கிராம் ஆப்பச் சோடா கரைத்துப் புரையேறாமல் மெல்லப் புகட்டுவது அதுவரைக்கும் உதவும்.

ஆடு எதைத் தொடாது?

எருக்கு, ஆடாதோடை, ஆடுதின்னாப்பாளை, காட்டாமணக்கு. பசி முற்றினால் இவற்றிலும் சிலதை வாய் வைத்துப் பார்க்கும். வெளியூரிலிருந்து வாங்கி வந்த ஆடுதான் அதிகம் ஏமாறும், இங்கேயே பிறந்தது தாயைப் பார்த்துக் கற்றிருக்கும். வாங்கி வந்த ஆட்டை முதல் சில நாள் பழைய ஆடுகளோடு சேர்த்தே ஓட்டுங்கள்.

எப்போது கிடா சேர்த்தால் குட்டிக்கு மேய்ச்சல் கிடைக்கும்?

சினைக்காலம் ஐந்து மாதம். ஆனியில் சேர்த்தால் கார்த்திகை அடைமழையில் குட்டி போடும், சளியிலும் குளிரிலும் இழப்பு அதிகம். ஆவணியில் சேர்த்தால் தையில் ஈனும். மழை ஓய்ந்திருக்கும், தாய்க்குத் தழை இருக்கும், குட்டி வாய் வைக்கத் தொடங்கும்போது மாசிக் காடு திறந்திருக்கும். ஒரே சிக்கல், ஆவணியில் பெட்டை மெலிந்திருக்கும், பருவத்துக்கு வராது. கிடா சேர்ப்பதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பிருந்து தினம் 200 கிராம் அளவு தவிடு, பிண்ணாக்கு, உடைத்த தானியம் கலந்து கொடுத்தால் பருவமும் வரும், இரட்டைக் குட்டிக்கும் வாய்ப்பு கூடும். சேமித்த நெற்றில் முதல் உரிமை இந்தப் பெட்டைகளுக்குத்தான்.

வெள்ளாடு காட்டை அழிக்கிறது என்கிறார்களே?

இளங்கன்றைக் கடித்தால் அது மரமாவது கடினம், மறுக்க முடியாது. புதிதாக நட்ட இடத்தில் ஆட்டை விடக் கூடாது. அதே சமயம், மேய்ச்சல் புறம்போக்கு சுருங்கச் சுருங்க, இருக்கிற துண்டு நிலத்தில் எல்லா ஆடும் குவிகின்றன. பழியை ஆட்டின் மேல் போடுவது சுலபம். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழக வனங்கள் முழுக்க மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பிறகு அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்று சுருக்கியது. மலையடிவாரத்தில் மேய்ப்பவர்கள் எல்லை தெரிந்துகொண்டு ஓட்டுங்கள். ஒரே ஓடைக்கரையில் தினமும் விடாமல், வாரத்துக்கு ஒரு பக்கம் என்று மாற்றி ஓட்டினால் செடி மறுபடி துளிர்க்க நேரம் கிடைக்கும். குழை ஒடிக்கும்போது நுனிக் கிளையை மட்டும் ஒடியுங்கள், மொட்டையடித்த மரம் அடுத்த வருடம் நெற்று தராது.

என் ஆடு சுவரை நக்குகிறது, எலும்பைக் கூடக் கடிக்கிறது. பேய்ப்பசியா?

உப்பும் தாதுச் சத்தும் குறைவு, குறிப்பாக பாஸ்பரஸ். காய்ந்த மேய்ச்சலில் நீண்ட நாள் இருந்தால் இப்படி வரும். தாது உப்புக் கட்டியை வாங்கிப் பட்டிக்குள் நனையாத இடத்தில் தொங்கவிடுங்கள், தேவைக்குத் தானே நக்கிக்கொள்ளும். காட்டில் கிடக்கிற எலும்பைக் கடிக்க விடாதீர்கள். செத்த மாட்டின் எலும்பிலிருந்து வருகிற நஞ்சு ஆட்டை முடக்கிப் போட்டுவிடும்.